களை மீன் என்று ஒரு மீன் இல்லை

மீன் வளர்ப்புக் கையேடு எதைப் புரட்டினாலும் முதல் சில பக்கங்களுக்குள் 'களை மீன்கள்' என்ற சொல் வந்துவிடும். குஞ்சு விடுவதற்கு முன் குளத்தில் இருக்கும் களை மீன்களை ஒழித்துக்கட்ட வேண்டும் என்று எழுதியிருப்பார்கள். வழியும் அடுத்த வரியிலேயே இருக்கும். ஒரு மீட்டர் ஆழத் தண்ணீர் என்றால் ஹெக்டேருக்கு 2,500 கிலோ இலுப்பைப் புண்ணாக்கு. அதிலுள்ள சபோனின் மீனின் இரத்தச் சிவப்பணுக்களை உடைத்துவிடும். இருக்கிற மீனெல்லாம் செத்து மிதக்கும். இரண்டு மூன்று வாரத்தில் நச்சு அடங்கி, அதே புண்ணாக்கு குளத்துக்கு உரமாகிவிடும். பிறகு கட்லா, ரோகு, மிர்கால் குஞ்சுகளை வாங்கி விடலாம்.

சரி, இந்தக் களை மீன்கள் யார்? கெண்டைப்பொடி, அயிரை, உளுவை, ஆரால். நாம் சின்ன வயதில் ஏரிக்கரையில் கூறு கட்டி வைத்ததை நாலணாவுக்கும் எட்டணாவுக்கும் வாங்கி வந்த பொடிமீன்கள்தான். நெல் வயலில் தானாக முளைக்கும் கோரையைக் களை என்பதுபோல், நாம் விடாமல் தானாக ஏரியில் இருப்பதால் இதுவும் களையாகிவிட்டது.

சொந்தப் பட்டா நிலத்தில் குட்டை வெட்டி, கடன் வாங்கி மீன் வளர்ப்பவர் புண்ணாக்கு போடட்டும். எனக்கு அதில் வழக்கு இல்லை. ஆனால் நூற்றுக்கணக்கான ஆண்டுகளாக ஊருக்குப் பொதுவாக இருக்கும் ஏரியில், ஒரு வருட மீன்பாசி குத்தகை எடுத்த ஒருவர், அதே கையேட்டை வைத்துக்கொண்டு அதே வேலையைச் செய்யக்கூடாது என்பது என் கட்சி. எங்கள் பக்கத்து கிராமம் ஒன்றில் சென்ற கோடையில் இது நடந்தது. ஏன் கூடாது என்று சொல்ல வேண்டுமானால் மீனின் வாயையும் உடம்பையும் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். முப்பது வருடத்துக்கு மேல் விலங்கியல் நடத்தியவன், பழக்கம் விடவில்லை. சைவ அன்பர்களும் தாராளமாகப் படிக்கலாம், இதில் குழம்பு குறைவு.

கட்லாவையே எடுத்துக்கொள்வோம். தலை மட்டும் உடம்பில் கால் பங்குக்கு மேல் இருக்கும். வாய் அகலம், மேல்நோக்கித் திறக்கும். கீழ்த்தாடை முன்னால் துருத்திக்கொண்டு நிற்கும். முதுகு உயர்ந்து உடம்பு பருத்திருக்கும். செவுளைத் தூக்கிப் பார்த்தால் உள்ளே மெல்லிய சீப்புப் பற்கள் நெருக்கமாக இருக்கும். இந்த அமைப்பு முழுவதும் ஒரே வேலைக்கு. தண்ணீரின் மேல்மட்டத்தில் மிதக்கும் கண்ணுக்குத் தெரியாத நுண்பூச்சிகளைத் தண்ணீரோடு சேர்த்து விழுங்கி, சீப்பில் வடிகட்டித் தண்ணீரை வெளியே விடுவது. மாவு சலிக்கிற சல்லடைதான். சல்லடை பெரிதாக இருந்தால்தான் மாவு நிறைய விழும், அதனால்தான் அந்தப் பெரிய தலை.

ரோகுவுக்குத் தலை சிறுத்துவிடும். உடம்பு இரண்டு முனையும் குறுகிய கதிர்போல் நீளும். வாய் முனையில் இல்லாமல் கொஞ்சம் கீழே இறங்கி, உதட்டில் துணி ஓரத்துக் குஞ்சம்போல் சுருக்கங்கள் இருக்கும். தண்ணீரில் மூழ்கிய குச்சி, கல், தண்டு இவற்றின்மேல் படர்ந்த பாசியை அந்த உதட்டால் வழித்துத் தின்னும். மிர்கால் இன்னும் மெலிந்த உடம்பு. வாய் நன்றாகக் கீழே. அது தரையில் மேயும். அழுகிய இலை, மக்கு, சேற்றோடு கலந்த பாசி இவைதான் அதன் சாப்பாடு.

ஆக ஒரே குளம், மூன்று மாடி வீடு. மேல் மாடியில் கட்லா, நடுவில் ரோகு, தரைத்தளத்தில் மிர்கால். நூற்றுக்கு நாற்பது, முப்பது, முப்பது என்று குஞ்சு விடச் சொல்வார்கள். கூட்டு மீன் வளர்ப்பு என்ற திட்டமே வாய் எந்தப் பக்கம் திறக்கிறது என்ற ஒன்றின்மேல் கட்டப்பட்டதுதான். இவை மூன்றும் வடக்கத்தி மீன்கள். நம் தென்பெண்ணைக்கும் செய்யாற்றுக்கும் சொந்தமல்ல. ஓடும் ஆற்றில் மட்டும் முட்டையிடும், தேங்கிய குளத்தில் இடாது. 1957 ஜூலை 10 அன்று ஒடிசாவில் ஹிராலால் சௌத்ரி, மீனின் மூளையடிச் சுரப்பியிலிருந்து எடுத்த சாற்றை ஊசியாகப் போட்டு முட்டையிட வைத்துக் காட்டினார். அதன் பிறகுதான் நாடு முழுவதும் பண்ணைகளில் குஞ்சு கிடைக்க ஆரம்பித்தது. அந்த நாளைத்தான் இன்றும் மீன் விவசாயிகள் தினமாகக் கொண்டாடுகிறோம். அந்த மனிதருக்கு நான் எப்போதும் ஒரு கும்பிடு போடுவேன். நான் இங்கே திட்டுவது கட்லாவையோ ரோகுவையோ அல்ல.

வாயைப் பார்த்தாயிற்று, வயிற்றையும் பார்ப்போம். வகுப்பில் பையன்களைத் தூங்கவிடாமல் வைக்க என்னிடம் ஒரு வித்தை இருந்தது. ஒரு அடி நீள ரோகுவை அறுத்து, குடலை மெல்லப் பிரித்து மேசைமேல் நீட்டிக்கொண்டே போகச் சொல்வேன். மேசை முடிந்துவிடும், குடல் முடியாது. உடம்பைப்போல் பத்து மடங்கு அளவுக்கு வரும். பாசியும் மக்கும் லேசில் செரிக்காது, நெடுந்தூரம் பயணம் போக வேண்டும். அதே வகுப்பில் ஒரு விராலை அறுத்தால் குடல் உடம்பு நீளம்கூட இருக்காது. இறைச்சி சீக்கிரம் செரிக்கும், அதற்கு இரைப்பையும் உண்டு. கெண்டை இனத்துக்கு இரைப்பையே கிடையாது. தாடையில் பல்லும் கிடையாது, தொண்டைக்குள்தான் பல். இதைச் சொன்னதும் கடைசி பெஞ்ச் வரை எழுந்து எட்டிப் பார்க்கும். இன்னொன்று: ரோகு குஞ்சாக இருக்கும்போது குடல் குட்டை. அப்போது அது நுண்பூச்சிதான் தின்னும். வளர வளர, சாப்பாடு பாசிக்கு மாற மாற, குடல் நீளும். தவளை விஷயத்தில் இது தலைகீழ். பாசி தின்கிற தலைப்பிரட்டைக்கு நீளக் குடல், பூச்சி தின்கிற தவளைக்குக் குட்டைக் குடல்.

விதி என்று சொன்னால் விலக்கும் சொல்ல வேண்டும். 1959-இல் வெளிநாட்டிலிருந்து வந்த புல்கெண்டை முழுச் சைவம். ஆனால் குடல் உடம்பைப்போல் இரண்டு மூன்று மடங்குதான். அதனால் தின்ற புல்லில் பாதி செரிக்காமலே வெளியே போகும். குளத்துக்குள் மாடு கட்டி வளர்ப்பதுபோலத்தான், சாணம் தண்ணீருக்கு உரம்.

விரால் உடம்பைப் பார்த்திருப்பீர்கள். உருளை, பாம்புத் தலை, பெரிய வாய், உள்ளே கூரான பல். ஓடிப் பிடிக்கும் மீன் அல்ல அது. கோரைக்கும் தாமரைத் தண்டுக்கும் இடையில் அசையாமல் கிடந்து, பக்கத்தில் வந்ததை ஒரே பாய்ச்சலில் விழுங்கும். கெளுத்திக்குத் தலை தட்டை, கண் சிறியது, மீசை நீளம். கலங்கிய தண்ணீரில் இரவில் மீசையால் தடவிச் சாப்பிடுவதற்குக் கண் எதற்கு?

இப்போது களை மீன்களுக்கு வருகிறேன். கையேடு இவற்றை ஒரே வரியில் தள்ளிவிடுகிறது, நான் அப்படித் தள்ள மாட்டேன்.

அயிரை சுண்டுவிரல் அளவு, உருண்டு நீண்டிருக்கும். வாய் அடியில், சுற்றிலும் குட்டி மீசைகள். மணலை வாயில் அள்ளி, அதற்குள் இருக்கும் புழுவையும் நுண்ணுயிரையும் பிரித்துக்கொண்டு, மணலைச் செவுள் வழியாகத் துப்பிவிடும். மதுரைப் பக்கம் அயிரையை உயிரோடு வாங்கிப் பாலிலோ தேங்காய்ப் பாலிலோ விட்டு மண்ணைக் கக்க வைத்துச் சமைக்கிறார்களே, அதற்குக் காரணம் இந்தச் சாப்பாட்டு முறைதான். நம் பெண்கள் எந்த விலங்கியல் புத்தகமும் படிக்காமல் தெரிந்துவைத்திருந்தார்கள். ஆராலுக்கு மூக்கு கூராக நீண்டிருக்கும். சேற்றுக்குள் ஊசி நுழைப்பதுபோல் நுழைத்துப் புழுவை இழுக்கும். உளுவை தட்டைத் தலையோடு தரையில் ஒட்டிக் கிடந்து, வாய்க்கு எதிரே வரும் கூனிப் பொடியையும் பூச்சிப் புழுவையும் கவ்வும். நெற்றியில் வெள்ளிப் பொட்டு வைத்ததுபோல் ஒரு குட்டி மீன் தண்ணீரின் மேல்தோலை ஒட்டியே திரியும், பார்த்திருப்பீர்கள். முதுகு தட்டை, வாய் வானத்தைப் பார்த்திருக்கும். கொசுப் புழு தண்ணீரின் மேற்பரப்பில் தொங்கித்தானே மூச்சு விடுகிறது? அதைப் பிடிக்க அதைவிடத் தோதான வாய் வேறு இல்லை. கொசுவுக்காக 1928-இல் இந்தியாவுக்குக் கொண்டுவந்த கம்பூசியாவுக்கும் இதே மாதிரி வாய்தான். ஆனால் அது மற்ற மீன்களின் முட்டையையும் குஞ்சையும் சேர்த்துத் தின்றுவிடும். வீட்டில் ஆள் இருக்கும்போது வெளியூரிலிருந்து ஆள் பிடித்து வந்த கதை.

மலைப்பக்க ஓடைகளில் இன்னொரு சாதி உண்டு. அடிவயிறு தட்டை, தாடைக்குக் கீழே ஒட்டும் தட்டு. வேகமாக ஓடும் தண்ணீரில் பாறையை விடாமல் பிடித்துக்கொண்டு பாசியைச் சுரண்டும். அந்த வாயை ஏரிச் சேற்றில் விட்டால் பிரயோஜனமில்லை, கட்லாவின் வாயை ஓடையில் விட்டாலும் பிரயோஜனமில்லை.

எல்லாவற்றையும் சாப்பாட்டோடு முடிச்சுப் போட்டுவிடக் கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஐரோப்பாவில் ஒரு கெண்டை உண்டு. குரூசியன் என்று பெயர். அது இருக்கும் குளத்தில் பைக் என்ற வேட்டை மீனை விட்டால், கெண்டையின் உடம்பு சில மாதங்களில் முதுகுக்கும் வயிற்றுக்கும் இடையில் அகன்றுகொண்டே போகிறது. பைக்கின் வாய்க்குள் அடங்காத அகலம் வந்துவிடுகிறது. ஸ்வீடனில் குளங்களைத் தடுத்துப் பரிசோதித்து 1992-இல் வெளியிட்டார்கள். ஆக, மீனின் உருவத்தில் பாதி அது எதைத் தின்கிறது என்பதைச் சொன்னால், மீதி அதை யார் தின்கிறார்கள் என்பதைச் சொல்கிறது. விராலையும் கெளுத்தியையும் கொன்றுவிட்டால் அந்த மீதிக் கணக்கும் போச்சு.

இந்த உருவங்களை ஒன்றாக வைத்துப் பாருங்கள். அயிரை தின்பதை மிர்கால் முழுதாகத் தின்பதில்லை. ஆராலின் புழு ரோகுவின் உதட்டுக்கு எட்டாது. வெள்ளிப்பொட்டு மீனின் கொசுப்புழு வளர்ந்த கட்லாவுக்குப் பொருட்டே இல்லை. சில பொடிக் கெண்டைகள் கட்லாவோடு நுண்பூச்சிக்குப் போட்டி போடுவது உண்மை. அதை நான் மறைக்கவில்லை. ஆனால் மூன்று மாடி வீட்டில் படிக்கட்டு, திண்ணை, பரண், கொல்லைப்புறம் எல்லாம் இருக்கிறது. அங்கே குடியிருப்பவர்களைத்தான் களை என்று சொல்லி வெளியேற்றுகிறோம்.

பங்களாதேஷிலும் இதே கதைதான் இருந்தது. கெண்டை வளர்ப்பதற்கு முன் குளத்துச் சின்ன மீன்களை மருந்து போட்டுக் கொன்றுவந்தார்கள். டிரினிடாடில் பிறந்த இந்திய வம்சாவளி அம்மையார் சகுந்தலா தில்ஸ்டெட் அங்கே வேலை செய்தார். மோலா என்ற பொடிமீனைக் கெண்டையோடு சேர்த்தே வளர்க்கலாம், கெண்டையின் விளைச்சல் குறையாது என்று காட்டினார். அந்தப் பொடிமீனைத் தலை, கண், முள்ளோடு முழுசாகத் தின்பதால் வைட்டமின் ஏ-யும் கால்சியமும் குழந்தைகளுக்கும் தாய்மார்களுக்கும் கிடைக்கிறது. பெரிய கெண்டையின் துண்டில் அது கிடைக்காது. 2021-இல் அவருக்கு உலக உணவுப் பரிசு கொடுத்தார்கள். மோலாவின் பங்காளி மீன் நம் தென்னாட்டு ஏரிகளிலும் உண்டு. நாம் அதன்மேல் புண்ணாக்கு கொட்டிக்கொண்டிருக்கிறோம்.

குத்தகைக்காரரிடம் பேசினேன். நல்ல மனிதர், என்னிடம் படித்த பையனின் அப்பாதான். "சார், ஏலத்துல எடுத்த பணம் ஒரு வருசத்துல வரணும். பொடி மீன வச்சிக்கினு நான் இன்னா சார் பண்றது?" என்றார். அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. ஒரு வருடக் கெடு வைத்தால் யாராக இருந்தாலும் சீக்கிரம் எடை ஏறும் மீனைத்தான் தேடுவார். அவரை மட்டும் குறை சொல்லி என்ன செய்வது, ஏலத்தின் கெடுவே தவறு.

சீக்கிரம் எடை ஏறும் மீன் என்று தேடும்போதுதான் ஜிலேபியும் ஆப்பிரிக்கக் கெளுத்தியும் உள்ளே வருகின்றன. ஜிலேபி 1952-இல் நம் நாட்டுக்கு வந்தது. உயரமான தட்டை உடம்பு, முதுகில் முள்வரிசை, விழுங்க வருபவர்கள் யோசிப்பார்கள். வயிற்று அமிலம் மற்ற மீன்களுக்குச் செரிக்காத நீலப்பச்சைப் பாசியையே கரைத்துவிடும். குடல் பல மடங்கு நீளம். புழு கிடைத்தால் புழு, முட்டை கிடைத்தால் முட்டை. குஞ்சுகளை வாய்க்குள் வைத்துக் காப்பதால் பெருக்கத்துக்கும் குறைவில்லை. எந்த மாடியிலும் அதற்குச் சாப்பாடு உண்டு. சாத்தனூர் அணைக்குப் போனால் பொரித்த மீன் சாப்பிடாமல் வருபவர்கள் குறைவு. ஜிலேபியை நானும் சாப்பிட்டிருக்கிறேன், ருசியில் குறை சொல்ல மாட்டேன். ஆப்பிரிக்கக் கெளுத்தி கதை அதைவிட மோசம். அகன்ற வாய்க்குள் போவதெல்லாம் அதற்கு உணவு. காற்றைச் சுவாசிப்பதால் சாக்கடையிலும் சாகாது. அரசு தடை செய்து இருபது வருடத்துக்கு மேலாகிறது. ஆனாலும் திருட்டுத்தனமாக வளர்த்துப் பிடிபட்ட செய்தி பத்திரிகையில் நின்றபாடில்லை.

ஏரியில் விட்டது அந்த ஏரியோடு நிற்காது. நம் மாவட்டத்து ஏரிகள் சங்கிலியாகக் கோத்தவை. மேல் ஏரி நிரம்பிக் கலங்கல் வழிந்தால் கீழ் ஏரிக்கு, அங்கிருந்து ஆற்றுக்கு. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1 லட்சத்து 68 ஆயிரம் கன அடி திறந்துவிட்டார்களே, அந்தத் தண்ணீரோடு எத்தனை ஊர் மீன் எத்தனை ஊருக்குப் போயிருக்கும்! இமாச்சலத்தில் பக்ரா அணைக்குப் பின்னால் இருக்கும் கோவிந்த் சாகரில் 1971 வெள்ளத்தில் ஒரு பண்ணையிலிருந்து வெள்ளிக்கெண்டை தப்பிப் போய் விழுந்தது. அதுவும் மேல்மாடிக்காரன், சல்லடை வாய். சில வருடங்களில் வலையில் பெரும்பங்கு அதுவாகவே வந்தது, கட்லா குறைந்துபோயிற்று. ஒரே மாடியில் இரண்டு குடித்தனம் வைத்தால் வலுத்தவன்தான் இருப்பான்.

கோயில் குளங்களுக்கும், கிரிவலப் பாதைத் தீர்த்தங்களுக்கும் வருபவர்களுக்கு ஒரு வார்த்தை. வீட்டுத் தொட்டி மீன் பெரிதாகிவிட்டால் புண்ணியமாகப் போகட்டும் என்று குளத்தில் விடாதீர்கள். குறிப்பாகக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு அழுக்கைத் தின்னுமே, அந்தத் தென்னமெரிக்கச் சக்கர் மீன். கவசம்போன்ற தோலும் முள்ளும் இருப்பதால் அதைத் தின்ன நம் ஊரில் ஆளில்லை. பொரியும் அளவாகப் போடுங்கள். மேலே வாய் வைத்தவைதான் அதைத் தின்னும், மீதி ஊறி மூழ்கித் தண்ணீரைக் கெடுக்கும்.

ஏரிக்கு நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. பொது ஏரியில் புண்ணாக்கோ வேறு நச்சோ போடக்கூடாது என்று குத்தகை நிபந்தனையிலேயே எழுத வேண்டும். எந்தெந்த மீன் எத்தனை விடப்பட்டது என்று ஊராட்சிப் பலகையில் எழுதிப்போட வேண்டும். குத்தகையை ஒரு வருடம் என்று வைக்காமல் ஐந்து வருடமாவது ஆக்கினால், எடுத்தவருக்கே ஏரிமேல் ஒரு ஒட்டுதல் வரும். கோடையில் ஏரி வற்றும்போது மதகை ஒட்டிய பள்ளத்தில் கொஞ்சம் தண்ணீர் நிற்கும். அதையும் வழித்து அள்ளாமல் விட்டால் போதும். விராலும் அயிரையும் அடுத்த மழை வரை அங்கேதான் உயிரைப் பிடித்துக்கொண்டு இருக்கும். பொடிமீனைக் குத்தகைக்காரர் பிடித்து விற்கட்டும், வேண்டாம் என்று யார் சொன்னது? இன்று அயிரை கிலோ என்ன விலைக்குப் போகிறது என்று விசாரித்தாலே அவருக்குப் பொடிமீன்மேல் கோபம் குறையும்.

அக்டோபர் 2 கிராம சபைக்கு ஒன்றரைப் பக்கத்தில் மனு எழுதி வைத்திருக்கிறேன். பின்பக்கத்தில் ஆறு மீன்களின் வாயை மட்டும் படம் வரைந்திருக்கிறேன், கை நடுங்கியதால் ஆரால் சற்றுக் கோணலாக வந்துவிட்டது. உங்கள் ஊர் ஏரிக்கும் வேண்டுமென்றால் சொல்லுங்கள், ஒரு நகல் எடுத்துத் தருகிறேன். மீன் பெயர்களை மட்டும் உங்கள் ஊர் வழக்குப்படி மாற்றிக்கொள்ளுங்கள்.